இத்தாலி பாஷையில் லீவு கேட்டேன்

மேசை மேல் செம்பில் சாய்த்து வைத்த போன். போனுக்கு எதிரே ஒரு பச்சை பிளாஸ்டிக் கதிரை. கதிரையில் ஆள் இல்லை.

அந்த ஆள் நான்தான். சுவரோரமாக, கதவு நிலைக்குப் பக்கத்தில், கையைக் கட்டித் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தேன். போனுக்குள்ளே, இத்தாலி தேசத்தில் ஒரு குசினியில், ரோஸா அம்மா காலிக் கதிரையைப் பார்த்து அலறிக்கொண்டிருந்தார். "கதூத்தா! எ கதூத்தா!"

விழுந்துவிட்டாள் என்று அர்த்தம்.

சத்தம் கேட்டு என் மகன் முருகேசு வாசல் இஸ்தோப்பிலிருந்து ஓடிவந்தான். கதிரையைப் பார்த்தான். போனைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ஏம்மா, அங்க போயி எதுக்கு நிக்கிறீங்க?"

"பேசாத இருடா. லீவு கேக்குறேன்."

இதை முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். போன வாரம் இங்கே எழுதிய கோயில் தேர் கதையை நான் வழவழ என்று இழுத்துவிட்டதாக மருமகள் சொன்னாள். இந்த வாரமும் கொஞ்சம் இழுக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூட்டிக் கிடந்த வீடு

மூத்த மகள் சித்ரா இத்தாலிக்குப் போய்ப் பல வருடமாகிறது. அங்கே வடக்குப் பக்கம் ஒரு சின்ன ஊரில் ரோஸா அம்மாவைப் பார்த்துக்கொள்கிற வேலை. குளிக்க வைப்பது, சமைப்பது, மருந்து கொடுப்பது, கூடவே இருப்பது. ரோஸா அம்மாவுக்கு என்னைவிட வயது நன்றாகவே கூட. அவருக்கு ஒரே மகன், தூரத்துப் பட்டணத்தில்.

சித்ராவின் உழைப்பில்தான் நாங்கள் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீட்டு லயத்துக்குக் கீழே ரோட்டோரமாக ஒரு வீடு கட்டினோம். என் அம்மா லயத்துக் காம்பராவில், ஒற்றை அறையில் பிறந்தவர். நானும் அதே லயத்தில்தான், என் பிள்ளைகளும் அங்கேதான். பக்கத்துக் காம்பராவில் மிளகாய் தாளித்தால் எங்கள் காம்பராவில் தும்மல் வரும். அப்படி இருந்தவர்களுக்கு நாலு பக்கமும் ஜன்னல் வைத்த வீடு.

கூரை போட்டாயிற்று, பெயின்ட் அடித்தாயிற்று, லைட்டும் எரிந்தது. பால் மட்டும் காய்ச்சவில்லை. நான் விடவில்லை. கட்டினவள் வந்து அடுப்பில் பால் வைக்காமல் அந்த வீட்டில் யாரும் பாய் விரிக்கக்கூடாது என்று சொல்லிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். எனக்குப் பேச வராது. முடிச்சுப் போட நன்றாக வரும்.

முருகேசுக்குக் கோபம். "வீட்டக் கட்டிப்போட்டுட்டு லயத்துல ஒழுகுற எடத்துக்குச் சட்டி வச்சிக்கிட்டுக் கெடக்கோம். ஊரே சிரிக்குதும்மா. அடுத்து வௌவால் வந்து பால் காய்ச்சும், பாருங்க."

மருமகள் ஒன்றும் சொல்லமாட்டாள். மழை வந்தால் சட்டியை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

சித்ராவுக்கு வர ஆசைதான். லீவு கேட்கப் பயம். அவள் ஊருக்குப் போனால் அம்மாவை வயோதிபர் மடத்தில் கொண்டுபோய் விடுவேன் என்று ரோஸா அம்மாவின் மகன் எப்போதோ சொல்லிவிட்டாராம். ஒரு மாதத்துக்கு என்று போகிறவர்கள் அங்கேயே இருந்துவிடுவதுதான் அந்த ஊர் வழக்கமாம். "எலங்கன்னு பேச்ச எடுத்தாலே தட்டத் தள்ளி வச்சிருதும்மா. எப்புடிம்மா வாயத் தெறந்து கேப்பேன்?" என்பாள் சித்ரா.

நீளமாகச் சொன்னால் குட்டையாகப் போய்ச் சேர்ந்தது

ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் பார்த்துப் பேசுவோம். ரோஸா அம்மாவும் வந்து உட்காருவார். "சாவ், மம்மா தி சித்ரா!" என்பார். எங்கள் லயத்திலும் என்னைச் சித்ராம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பேர் கடல் தாண்டியும் மாறவில்லை என்று நினைத்துக்கொள்வேன். நினைத்ததைச் சொல்லமாட்டேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவேன். வெட்கம். வளர்ந்த விதம் அப்படி.

ஒரு நாள் துணிந்துவிட்டேன்.

"சித்ரா, நான் சொல்றத அப்புடியே சொல்லுடி. அம்மா, ஒங்கள என் கூடப்பொறந்த அக்கா மாதிரி நெனச்சிக் கேக்குறேன். புள்ள கட்டின வீடு பூட்டிக் கெடக்கு. ஒரு மாசம் அனுப்பி வச்சீங்கன்னா ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். சொல்லு."

சித்ரா திரும்பி ஏதோ சொன்னாள். ஒரு மூச்சுக்கூடப் பிடிக்கவில்லை. ரோஸா அம்மா சந்தோசமாகச் சிரித்து, "பெனே, பெனே!" என்றார். நல்லது என்று அர்த்தம்.

"என்னடி, நான் அம்புட்டு நீட்டுக்குச் சொன்னேன். நீ இத்துனூண்டு சொன்ன?"

"அது சுருக்கமான பாஷம்மா."

அவள் சொன்னது என்ன என்று பிறகு தெரிந்தது. கோப்பி நல்லா இருக்கான்னு அம்மா கேக்குறாங்க. அவ்வளவுதான்.

என் பிள்ளை எனக்காகக் கேட்கமாட்டாள் என்று அன்றைக்கு எனக்கு நிச்சயமாகிவிட்டது. அப்படியென்றால் நானேதான் கேட்க வேண்டும்.

முருகேசிடம் சொன்னபோது அவன் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைத் துப்பிவிட்டான். "அம்மா, நீங்க தமிழ்லயே பேச மாட்டீங்க!"

துணிக்கடை மாடி

பதுளை பஜாரில் ஒரு துணிக்கடை. அந்தக் கடைக்கார வீட்டு மருமகள் ரூபா டீச்சர் கல்யாணத்துக்கு முன்னால் இத்தாலியில் இருந்தவர். கடை மாடியில், புதுத்துணி வாசத்துக்கு நடுவில், இத்தாலிக்குப் போகிற பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறார்.

"யாருக்கும்மா கிளாஸ்? பேரப்புள்ளைக்கா?"

எனக்குத்தான் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. கடைசியில் விரலால் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். டீச்சர் சிரிக்கவில்லை. ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார். அந்த ஒரு காரியத்துக்காகவே நான் விடாமல் போனேன்.

என் பக்கத்துக் கதிரையில் ஹல்துமுல்லைப் பிள்ளை நிரோஷா. புருஷன் இத்தாலியில். இவள் பாஸ் பண்ணினால்தான் போகலாம். முதல் நாளே என் காதில் சொன்னாள்: "பயப்படாதீங்கம்மா. எனக்கும் ஒரு மண்ணும் வெளங்கல்ல."

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்புவரை படித்தவள். அதற்குப் பிறகு தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலைதான். வகுப்பில் முதலில் "நான் போகிறேன், நீ போகிறாய், அவள் போகிறாள்" என்று நடத்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வால். வால் எல்லாம் பஸ்ஸில் வீட்டுக்கு வருவதற்குள் கழன்று விழுந்துவிடும். நின்றுவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் டீச்சர் புதுப்பாடம் எடுத்தார். பார்த்திச்சீப்பியோ பஸ்ஸாத்தோ என்று அதற்குப் பேர். நான் அதற்கு "முடிந்த சொல்" என்று பேர் வைத்துக்கொண்டேன்.

படங்கும் சேலையும்

மஞ்ஜாரே என்றால் சாப்பிடுவது. அது முடிந்துவிட்டால் மஞ்ஜாத்தோ. கதேரே என்றால் விழுவது, விழுந்து முடிந்தால் கதூத்தோ. ஃபினீரே முடிப்பது, ஃபினீத்தோ முடித்தது. ஆரே, ஆத்தோ ஆகும். ஏரே, ஊத்தோ ஆகும். ஈரே, ஈத்தோ ஆகும். வாய்க்கு நன்றாக இருந்தது. கொழுந்து போடுகிற தாளத்தில் சொல்லிக்கொண்டே நடக்கலாம்.

சில சொல் அடங்காது. கியூதேரே என்றால் மூடுவது. மூடினது கியூதூத்தோ என்றுதானே வரவேண்டும்? வராது. கியூஸோ என்று வரும்.

"ஏன் டீச்சர்?"

"அது அப்புடித்தாம்மா."

எங்கள் கங்காணியும் எதைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்.

சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. "ஓ ரக்கோல்த்தோ" என்றால் நான் பறித்தேன். ஆண் சொன்னாலும் அதுதான், பெண் சொன்னாலும் அதுதான். ஆனால் அதே சொல் இலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் மாறிவிடுகிறது. இலை அந்த பாஷையில் பெண். பறித்த இலை, ஃபோல்யா ரக்கோல்த்தா. நிறைய இலை என்றால் ஃபோல்யே ரக்கோல்த்தே. ஒரே சொல் ஒரு நேரம் வேலை செய்கிறது, இன்னொரு நேரம் வேலை எதுவும் செய்யாமல் பொருளுக்குப் பக்கத்தில் இருந்து அதன் குணத்தைச் சொல்கிறது. நிரோஷா மேசையில் தலையைச் சாய்த்துவிட்டாள்.

எனக்கு அது எப்படியோ பிடிபட்டுவிட்டது. கொழுந்து மலையில் சேலை கிழியாமல் இடுப்பில் சாக்குத் துண்டு ஒன்று கட்டுவோம். படங்கு என்று பேர். படங்கு கட்டிவிட்டால் உள்ளே என்ன சேலை, யார் வசதி, யார் ஏழை என்று ஒன்றும் தெரியாது. எல்லாரும் ஒரே மாதிரிதான். ஓ என்கிற சொல் முன்னால் வந்துவிட்டால் நம் முடிந்த சொல் வேலையில் இருக்கிறது, படங்கு கட்டியிருக்கிறது. அதனால் மாறாது. வேலை முடிந்து ஒரு பொருளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் படங்கை அவிழ்த்துவிட்டு அந்தப் பொருளுக்கு ஏற்ற உடுப்பைப் போட்டுக்கொள்கிறது. பெண்ணுக்குச் சேலை, ஆணுக்குச் சாரம்.

போவது, வருவது, பிறப்பது, சாவது, விழுவது, இந்தச் சொல்லுக்கெல்லாம் ஓ வராது. எ என்றோ சோனோ என்றோ வரும். அப்போதும் நல்ல உடுப்புத்தான். போனாள் என்றால் அந்தாத்தா, போனான் என்றால் அந்தாத்தோ. பயணம் போகிறவர்கள் படங்கோடு போவார்களா?

இதை நிரோஷாவின் காதில்தான் சொன்னேன். அவள் தலையைத் தூக்கி, "போக வர நல்ல சேல, சரி. விழுறதுக்கு எதுக்கும்மா நல்ல சேல?" என்றாள். பிறகு அவளே, "சரிதான், நல்ல சேல கட்டுன அன்னைக்குத்தானே நாம விழுவோம்!" என்று சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

டீச்சர் என்னவென்று கேட்க, அவள் வகுப்புக்கே சொல்லிவிட்டாள். எனக்குக் கதிரைக்குக் கீழே போய்விடலாம் போல இருந்தது. டீச்சர் கையைத் தட்டி, "நல்லாருக்கும்மா. ஆனா படங்கு கட்டியிருக்கிறப்பவே சேல வெளிய தெரியிற எடமும் இருக்கு. அது அடுத்த மாசம்" என்றார்.

இதில் இன்னொரு வேடிக்கை. நம் தமிழில் இது தலைகீழ். பறித்தேன், பறித்தாள், பறித்தார்கள் என்று வேலையில் இருக்கும்போது ஆளுக்கு ஆள் மாறும். பறித்த கொழுந்து, பறித்த கை, பறித்த பெண்கள் என்று பக்கத்தில் உட்காரும்போது மாறவே மாறாது. வாழ்நாள் எல்லாம் பேசிய பாஷையில் இப்படி ஒன்று இருப்பது, இன்னொரு பாஷையைப் படிக்கப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு நாள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். எழுந்து நின்று, "மியோ மரீத்தோ எ மோர்த்தோ" என்றேன். என் கணவர் இறந்துவிட்டார். அவர் போய் எவ்வளவோ காலமாயிற்று. ஆனாலும் இத்தாலி பாஷையில் சொன்னபோது சேதி அப்போதுதான் வந்தது போல இருந்தது. டீச்சர், "வெரி குட், கடைசி எழுத்து சரியா வந்திருக்கு" என்றார். நானும் சந்தோசமாக உட்கார்ந்துவிட்டேன்.

கேள்வி இல்லாத கேள்வி

லீவு கேட்பதற்கு வசனம் நானே தயார் பண்ணினேன். லா காஸா எ ஃபினீத்தா. வீடு முடிந்தது. லா போர்த்தா எ கியூஸா. கதவு மூடியிருக்கிறது. சித்ரா நோன் எ வெனூத்தா. சித்ரா வரவில்லை. எல்லாமே முடிந்த சொல். எனக்கு அது ஒன்றுதானே வரும்?

டீச்சர் வாசித்துப் பார்த்தார். "எல்லாம் சரி. லீவு குடுங்கன்னு கேக்குற வசனம் எங்கம்மா?"

"அவ்வளவுதான் டீச்சர். அதுக்கு மேல நாங்க கேக்க மாட்டோம்."

அது அவருக்கு விளங்கவில்லை. அவர் பஜாரில் கடை வைத்த குடும்பம். பெரட்டுக் களம் பார்த்தவரில்லை.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம்தான் பெரட்டு. எங்கள் டிவிசனில் அன்றைக்கு லீவு வேண்டியவர்கள் வரிசையில் நிற்கமாட்டார்கள். கூடை இல்லாமல், படங்கு கட்டாமல், தண்ணிக் கானுப் பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கிக் கையைக் கட்டி நிற்பார்கள். கங்காணி ஆட்களைப் பிரித்து அனுப்பி முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார். "என்ன?" என்பார். அப்போதும் நின்றவள் பேசக்கூடாது. பக்கத்தில் இருக்கிற யாராவது, "அவ புள்ளைக்குக் காச்சலுங்க" என்பார்கள். கங்காணி தோட்டத்துத் தொரையைப் பார்ப்பார், தொரை வானத்தைப் பார்ப்பார். தலை ஆடினால் லீவு.

நான் வேலை செய்த காலம் முழுவதும் எனக்காகப் பேசியது என் கணவர்தான். அவருக்குப் பிறகு பக்கத்துக் காம்பராக்காரி. நான் ஒதுங்கி நிற்பதோடு சரி. என் கல்யாணத்துக்குக்கூட நான் இப்படித்தான் ஓரமாக நின்றேன் என்று என் நாத்தனார் கேலி பண்ணுவாள்.

செதூத்தா!

சரி, போனுக்கு வருகிறேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். சித்ரா ரோஸா அம்மாவை மேசைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டுக் கோப்பி ஊற்றப் போனாள். நல்ல சமயம். "சாவ், மம்மா தி சித்ரா!" என்றார். "சாவ்" என்றேன். வசனத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

லீவு என்று மனம் நினைத்ததுதான் தாமதம், கால் தானாக எழுந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் எழுந்திருக்க நினைக்கவே இல்லை. கால் நடந்தது, முதுகு சுவரைத் தேடியது, கை கட்டிக்கொண்டது. அப்படியே நின்று, ரோஸா அம்மா "என்ன?" என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு காலிக் கதிரை. அதனால்தான் அந்த அலறல்.

சித்ரா கோப்பிக் கோப்பையோடு ஓடிவந்தாள். "அம்மா! எங்கம்மா போனீங்க?"

"நிக்கிறேன்டி."

"எதுக்கு?"

லீவுக்கு நின்றவள் பேசக்கூடாதே. முருகேசு போனைக் கையில் எடுத்து என் பக்கம் திருப்பினான். "பாரு அக்கா. லீவு கேக்குறாங்களாம். பெரட்டுல நிக்கிறாப்புல நிக்கிறாங்க, ஒனக்காக."

சித்ரா சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஏப்ரனை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். பிறகு ரோஸா அம்மாவிடம் திரும்பிப் பேச ஆரம்பித்தாள். அப்பாடி, எவ்வளவு நேரம்! அன்றைக்கு அது சுருக்கமான பாஷையாகவே இல்லை.

ரோஸா அம்மாவின் சிரிப்பு போய்விட்டது. மேசையில் ஓங்கி ஒரு தட்டு.

"செதூத்தா!"

உட்கார் என்று சொல்கிறார். நான் அசையவில்லை.

"நான் என்ன தொரையான்னு கேக்குறாங்கம்மா. நீங்க உக்காந்தாத்தான் பேசுவாங்களாம். உக்காருங்கம்மா, கத்தப்போறாங்க!"

உட்கார்ந்தேன். போனை நேராக வைத்தான் முருகேசு. அவர் முகம் அப்போதுதான் எனக்குச் சரியாகத் தெரிந்தது. வெயிலில் வேலை செய்து சுருங்கின தோல். என் தோல் மாதிரி. முந்தானையை வாயிலிருந்து எடுத்தேன்.

"லா காஸா எ ஃபினீத்தா. லா போர்த்தா எ கியூஸா. சித்ரா நோன் எ வெனூத்தா."

சொல்லிவிட்டேன். முருகேசு வாயைப் பிளந்து என்னைப் பார்த்தான்.

ரோஸா அம்மா சித்ராவைப் பிடித்துக்கொண்டார். கேள்வி மேல் கேள்வி. சித்ரா நடுவில் நடுவில் எனக்குச் சொன்னாள். "அந்தக் கதவுக்கு நான்தான் பூட்டான்னு கேக்குறாங்க... ஏன் சொல்லலன்னு ஏசுறாங்க... ஊருப் பேச்ச எடுத்தா நீங்க தட்டத் தள்ளுவீங்களேன்னு சொன்னேன்... உப்பில்லாம சமைச்சாத் தள்ளாம என்ன செய்வாங்களாம்!"

டாக்டர் உப்பை நிறுத்தியிருக்கிறார். அந்தக் கோபத்தில் அவர் தட்டைத் தள்ள, இவள் இலங்கைக்காகத் தள்ளுகிறார் என்று இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். என் மகள்தான், சந்தேகமே இல்லை.

எல்லாரும் சிரித்தோம். சிரித்து ஓய்ந்த பிறகு ரோஸா அம்மா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி மெதுவாக ஏதோ சொன்னார். 

"என்னடி?"

"மடத்துக்கு அனுப்பிருவாங்கன்னு பயமாத்தான் இருக்குங்கிறாங்கம்மா."

அதற்குப் பதில் சொல்ல என்னிடம் இத்தாலி இல்லை. என் சொல் எல்லாம் நடந்து முடிந்ததற்குத்தான். தமிழில்தான் சொன்னேன்.

"அப்புடின்னா வேணாம்டி. வீடு இன்னுங் கொஞ்ச நாளு பூட்டியே கெடக்கட்டும். ஒரு வயசானவங்களப் பயப்பட வச்சிட்டுப் பால் காய்ச்சுனா அது பொங்காது. நான் சொன்னத அப்புடியே சொல்லு. இந்தத் தடவ கொறைக்காத."

பக்கத்தில் நின்ற முருகேசு, "அம்மா!" என்றான். நான் திரும்பவில்லை.

சித்ரா குறைக்காமல் சொன்னாள். ரோஸா அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். கோப்பி ஆறியிருக்கும். பிறகு மேசையை இன்னொரு தட்டுத் தட்டினார். இது மெதுவாக.

மேல்வீட்டுக்காரப் பெண்ணை வந்து தங்கச் சொல்வாராம். மகனிடம் தானே பேசிக்கொள்வாராம். சித்ரா ஒரு மாதம் போகலாம். ஆனால் ஒன்று. அந்த மாதம் முழுவதும் தினமும் கோப்பி நேரத்துக்கு நான் இந்தக் கதிரையில் வந்து உட்கார்ந்து அவரோடு பேச வேண்டும். சித்ரா பக்கத்தில் இருக்கக்கூடாது. அவள் தூங்கட்டும், பாவம் என்றாராம்.

 லீவு கிடைத்துவிட்டது. அதற்கு நான் பேச வேண்டும்!

பால்

சித்ரா வந்தாள். பதுளை பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது அவளைவிட அவள் பெட்டி பெரிதாக இருந்தது. கட்டிப்பிடித்து அழுததை எல்லாம் எழுதப்போவதில்லை. எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதான்.

அவள் வந்த மறுநாளிலிருந்தே பின்னேரமானால் நான் கதிரையில். முதலில், "மஞ்ஜாத்தோ?" என்பார். சாப்பிட்டாயிற்றா? "மஞ்ஜாத்தோ" என்பேன். "தோர்மீத்தோ?" தூங்கியாயிற்றா? "தோர்மீத்தோ." முடிந்த சொல்லைக் கொஞ்சம் இழுத்தால் கேள்வி, இழுக்காவிட்டால் பதில். வயதானவர்களுக்கு வேறென்ன பாஷை வேண்டும்?

பிறகு கையும் சேர்ந்துகொண்டது. சின்ன வயதில் வயலில் தண்ணீருக்குள் குனிந்து களை பிடுங்கினாராம். காலில் ஏதோ ஊர்ந்து கடித்ததை விரலால் நெளித்துக் காட்டினார். அட்டை! நான் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி என் தழும்பைக் காட்டினேன். அவர் கவுனைத் தூக்கி அவர் தழும்பைக் காட்டினார். அந்த நேரம் பார்த்து அவர் மகன் அம்மா எப்படி இருக்கிறார் என்று பார்க்க வந்து நின்றார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம், அப்புறம் வா என்று ரோஸா அம்மா கையை வீசி விரட்டிவிட்டார். மடத்துப் பேச்சு அதோடு நின்றுபோனது.

பால் காய்ச்சுகிற அன்றைக்கு நல்ல நேரம் பத்து மணிக்குப் பிறகுதான். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. ரோஸா அம்மா தலைகூடச் சீவாமல் போனில் வந்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் மேல்வீட்டுக்காரப் பெண். இங்கே லயத்துச் சனம் முழுவதும் புது வீட்டுக்குள்.

முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைச் சித்ராவிடம் கொடுத்தேன். அவள் கதவைத் திறந்து, வலது காலை வைத்துப் போய், புதுப்பானையை அடுப்பில் ஏற்றினாள். முருகேசு போனை அடுப்புக்கு நேராகப் பிடித்தான்.

பால் ஏறியது. நுரை விளிம்புக்கு வந்தது. போனுக்குள்ளிருந்து ஒரே கூச்சல்.

"ஸ்பெஞ்ஞி! சித்ரா, ஸ்பெஞ்ஞி!" அடுப்பை அணை, அணை என்கிறார். பால் பொங்கி நாலு பக்கமும் வழிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். "வெர்ஸாத்தோ! துத்தோ வெர்ஸாத்தோ!" எல்லாம் கொட்டிப்போச்சு என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

நான் முருகேசு கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். அத்தனை சனத்துக்கு நடுவில், குலவைக்கும் மேலாகக் கத்தினேன். "பெனே, ரோஸா! லாத்தே வெர்ஸாத்தோ, பெனே! காஸா, பெனே!" கொட்டினால்தான் நல்லது, கொட்டினால்தான் வீடு நன்றாக இருக்கும்.

வீடே என்னைத் திரும்பிப் பார்த்ததாம். நான் அதைக் கவனிக்கவில்லை.

ரோஸா அம்மா தலையில் அடிப்பதை நிறுத்தினார். பிறகு கைத்தடியை ஊன்றி எழுந்து போய்விட்டார். போனில் மேல்வீட்டுக்காரப் பெண்ணின் தோள் மட்டும் தெரிந்தது. ஏதோ பாத்திரச் சத்தம். கோபித்துக்கொண்டாரோ என்று பயந்துவிட்டேன்.

அப்போது அந்தப் பெண் போனைத் தூக்கிக் காட்டினாள். அங்கேயும் ஒரு அடுப்பு. அடுப்பில் ஒரு சின்னச் சட்டியில் பால். பக்கத்தில் ரோஸா அம்மா, அடுப்பை அணைக்காமல், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். பால் ஏறியது, பொங்கியது, பளபள என்றிருந்த அந்த வெள்ளை அடுப்பெல்லாம் புஸ்ஸென்று வழிந்தது. ரோஸா அம்மா கையைத் தட்டினார். இங்கே மறுபடியும் குலவை.

சித்ரா மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ கடவுளே, அந்த அடுப்ப நாந்தானே போயித் தேய்க்கணும்!"